திரும்பிப் போகாத தூக்குச்சட்டி

எங்கள் வீட்டுப் பரணில், போன வாரம் வரை, ஓர் எவர்சில்வர் தூக்குச்சட்டி இருந்தது. அதன் வயிற்றில் பொறித்திருக்கும் பெயர் எங்கள் வீட்டில் யாருடையதும் அல்ல. பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய பெயர். முதல் எழுத்தைப் பெரிய ஆர்வத்தோடு தொடங்கியவர், கடைசி எழுத்துக்கு வரும்போது இடம் போதாமல் அதை ரயில் பெட்டியில் நாலாவதாக உட்காருகிறவர் மாதிரி நெருக்கி வைத்திருப்பார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை இறக்கி, துலக்கி, மறுபடி ஏற்றிவைப்போம். யாருடையது என்று கேட்டால் என் மனைவி, "எங்க சின்னம்மாவோடது" என்பாள். ஏன் திருப்பித் தரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. பதில் கொஞ்சம் நீளம். நீளமாகச் சொல்வதில் எனக்கு எப்போதும் ஆட்சேபணை இருந்ததில்லை; கேட்பவர்களுக்குத்தான் இருந்திருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. கொரட்டூரில் மாமியார் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தேன். அடுத்த தெரு என்பது மாப்பிள்ளைக்கு மிகவும் உகந்த தூரம். அங்கிருந்து குழம்பு சூடு ஆறாமல் வந்து சேரும். சண்டை வந்து சேர்வதற்குள் சூடு ஆறிவிடும். மாலை நேரங்களில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவை போன வேகத்தில் திரும்பி வரும். தபால்காரர் என் உறையைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு, முகத்தைத் துக்கத்துக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டு வருவார். ஆசையாகக் கொடுத்தனுப்பியது பிரித்துப் பார்க்கப்படாமலே திரும்பி வந்தால் மனது என்ன பாடுபடும் என்பதில் அந்த வட்டாரத்தில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன்.

மாமியாரை நான் அத்தை என்று அழைப்பேன். அவருடைய அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அத்தையும் சின்ன வயதில் நாற்று நட்டவர்தான். நட்ட இடங்களில் இப்போது தொழிற்சாலைச் சுவர்கள். இதில் அவருக்கு வருத்தம் ஏதாவது உண்டா என்று, படித்தவன் கேட்க வேண்டிய கேள்வி என்று நினைத்து, ஒரு தடவை கேட்டேன். "இன்னாத்துக்கு மாப்ளே வருத்தம்? சேத்துல நின்னு நின்னு காலு அயுகினதுதான் மிச்சம். இப்ப சங்கு ஊதுனா சோறு வருது" என்றார். மாமா ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்; என் கல்யாணத்துக்கு மறு வருஷம் போய்விட்டார். அந்த வேலை மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, கிடைத்தது. அத்தைக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. ஏரி உடைந்த வருஷம் பிறந்தவர் என்பார்கள். எந்த ஏரி, எந்த உடைப்பு என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது.

ஒரு கோடையில் அத்தையின் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றார்கள், சூடு என்றார்கள், பக்கத்து வீட்டில் கண்ணு வைத்துவிட்டார்கள் என்றார்கள். கடைசியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலேறினோம்: அத்தை, மச்சான், என் மனைவி, நான், துணைக்கு மாங்காட்டிலிருந்து அத்தையின் தங்கை. அவரைச் சின்னத்தை என்பேன். அக்கா தங்கை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், ஒரே மாதிரி சிரிப்பவர்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "வயித்துல கட்டி. எடுத்துட்டா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. எடுக்கலேன்னா அடுத்த வருஷம் கஷ்டம். என்ன செய்யலாம்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பதில் தயாராக இருந்தது. பேரன் பேத்தி எடுத்த ஒருத்தரிடம், அதுவும் புருஷனை இழந்த ஒருத்தியிடம், ஆபரேஷன் பண்ணலாமா என்று கேட்டால், அவர் தலையைக் குனிந்து "எனக்கு இன்னாத்துக்கு? நான் வாழ்ந்து முடிச்சவ" என்று சொல்ல வேண்டும். உடனே பிள்ளைகள் "அப்படிச் சொல்லாதே" என்று அழ வேண்டும். அழுது முடித்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். யாரும் யாரையும் சாகச் சொல்லவில்லை, யாரும் தவறாக எதுவும் பேசவில்லை. நாங்கள் நாலு பேரும் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி அழுவதற்கு வசதியாக முந்தானை நுனியைக் கையில் எடுத்தும் விட்டாள்.

"பண்ணுங்க டாக்டரம்மா. எப்ப வரணும்?" என்றார் அத்தை.

மணமேடையில் பெண் தானே எழுந்து நின்று தாலி எங்கே என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மனைவியின் கையிலிருந்த முந்தானைக்கு வேலை இல்லாமல் போயிற்று. சின்னத்தை வாயைப் பொத்திக்கொண்டார். திரும்பி வர ரயிலேறினோம்; வில்லிவாக்கம் தாண்டியது.

"இன்னாக்கா, கொஞ்சங்கூட வெக்கமில்லாம அப்டி சொல்ட்டே?" என்று ஆரம்பித்தார் சின்னத்தை.

"இன்னா சொன்னேன்?"

"பூவும் போச்சு, பொட்டும் போச்சு. பேரனைப் பாத்தாச்சு. இன்னும் இன்னாத்துக்கு அறுத்துகினு? கேக்குறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உக்கார எடங் கெடச்சிக்கீது இல்ல, கம்முனு வா."

கேட்டவர்கள் சிரிக்கவில்லை. அதைவிட மோசமாக, அன்பு காட்டினார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போகப்போகிறார் என்று தெரிந்துவிட்டால், சொந்தக்காரர்கள் அவருக்குப் பிடித்ததைச் சமைத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆசையோடு போகக் கூடாது என்பது கணக்கு. சாப்பிட வைத்து, வாயைத் துடைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அதில் பொய் கிடையாது; கொண்டுவருகிறவர்கள் உண்மையிலேயே அழுகிறவர்கள். அத்தைக்கு ஆபரேஷன் என்ற செய்தியை எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த மொழியில் புரிந்துகொண்டார்கள். மறுவாரத்திலிருந்து தூக்குச்சட்டிகள் வர ஆரம்பித்தன. ஆட்டுக்கால், எறா, வஞ்சிர மீன், கேழ்வரகுக் களியோடு கீரை. அத்தை ஒன்றின் மூடியையும் திறக்கவில்லை. டாக்டரம்மா உப்பும் காரமும் கூடாது என்று சொல்லியிருந்தார்.

"வெச்சிட்டுப் போவாதே. ஆபரேசன் ஆயிட்டு ஊட்டுக்கு வரேன், அப்ப கொண்டா. நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்" என்று ஒவ்வொருவரையும் அவரவர் பாத்திரத்தோடு அனுப்பிவைத்தார். வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும் என்பது ஊரறிந்த மரியாதை. நிறைந்தபடியே திருப்பி அனுப்புவதற்கு எந்த மரியாதையிலும் இடமில்லை. சாப்பாட்டைத் தெருவழியே திருப்பித் தூக்கிக்கொண்டு போனவர்களின் முகங்களைப் பார்த்தேன். பத்திரிகை உறையைத் திரும்ப வாங்கும்போது எனக்கு எப்படி முகம் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சின்னத்தை மொச்சைக்கொட்டை போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு வந்தார். மாங்காட்டிலிருந்து பஸ் மாறி மாறி, தூக்குச்சட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். வாசலுக்குள் நுழையும்போதே வாசனை நுழைந்தது. அத்தையின் மூக்கு ஒரு கணம் விரிந்ததை நான் பார்த்தேன்.

"அப்பாலிக்கா கொண்டா" என்றார் அத்தை.

"ஒரு வாய் துன்னுக்கா. ஆசையோட போவக் கூடாது."

"நான் எங்கடி போறேன்? ஆஸ்பத்திரிக்கிப் போறேன். வந்துர்றேன்."

"நேத்தி சாயங்காலத்துலேர்ந்து உனக்காவ ஒக்காந்து கருவாடு ஆஞ்சிகினு இருந்தேன். நீயாச்சு, உன் ஆபரேசனாச்சு!" என்று எழுந்த சின்னத்தை, தூக்கை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். அத்தை அதைத் தொடவில்லை. உணவை வீணாக்கக் கூடாது என்ற உயர்ந்த கொள்கையின்பேரில் நான் அதை என் வீட்டுக்கு எடுத்துப்போனேன். இரண்டு வேளை கொள்கைப்பிடிப்போடு இருந்தேன். தூக்குச்சட்டி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இனி மச்சானின் கையெழுத்து பாக்கி. ஆஸ்பத்திரியில் மகன் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். மச்சான் நல்ல பையன். அம்மா மேல் உயிர். ஆனால் பேனாவைக் கண்டாலே வேறு பக்கம் பார்த்தான். என்னைத் தனியாக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, பெத்தவள அறுக்கக் குடுத்தவன்னு மூஞ்சிலயே துப்புவாங்க மாமா" என்றான். உலகத்துத் தத்துவங்களை ஓரளவு புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் அவனுக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சொன்னது முழுக்க உண்மை என்பதால் மூடிக்கொண்டேன். அறுத்துச் செத்தால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. அறுக்காமல் செத்தால் ஆண்டவன் பொறுப்பு. ஆண்டவன் முகத்தில் துப்ப கொரட்டூரில் எவனுக்குத் துணிச்சல்?

இது எப்படியோ அத்தை காதுக்குப் போயிற்று. என் மனைவி வழியாகத்தான் போயிருக்கும். அவளுக்கு நான் சொல்லியிருப்பேன். மறுநாள் மச்சான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அத்தை அவனை நிறுத்தினார்.

"டேய், நான் ஆபரேசன்ல செத்தா உன்னத் துப்புவாங்க. சும்மா படுத்துகினு செத்தா துப்ப மாட்டாங்க. அதானே?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது. "அதாம்மா" என்றான்.

"அப்ப உன் மூஞ்சி சுத்தமா இருக்கணும்னு நான் சாவணுமா?"

அவன் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அத்தை அவனை அழவிட்டார். பிறகு சொன்னார்: "உங்க நைனா சொல்வாரு. ஓடி ஓஞ்ச பயைய வண்டி வந்தா மொத்தமா பிரிச்சு, கெட்டதக் கழட்டிப் போட்டுட்டு திரும்ப மாட்டுவாங்களாம். வயசாச்சு, போதும்னு எந்த வண்டியாண்டயாவது சொன்னாங்களாடா? நீ கையெய்த்து போடு. எவனாவது கேட்டா, போடலேன்னா ரயில் கேட்டாண்ட போயி படுத்துக்குவேன்னு எங்கம்மா மெரட்டிச்சுன்னு சொல்லிக்கோ. நானும் அப்டித்தான் மெரட்டினேன்னு சொல்லிடறேன்."

அவன் போட்டான். அத்தை தெரு முழுக்கப் போய், தான் மகனை மிரட்டிய கதையை நடக்காத விவரங்களோடு சொன்னார். கற்பனையில் நான் இறங்காத ஆழம் அது. ஜனங்கள் மச்சானைப் பார்த்து, பாவம், அவன் என்ன செய்வான் என்றார்கள். அவன் முகம் சுத்தமாகவே இருந்தது.

கட்டி வெளியே வந்தது. அத்தை வீட்டுக்கு வந்தார். உடம்பு தேறியதும் செய்த முதல் காரியம், யார் யார் என்னென்ன கொண்டுவந்தார்களோ அவரவர் வீட்டுக்கு நேரே போய், "எங்கே அது?" என்று உட்கார்ந்ததுதான். ஆட்டுக்கால்காரர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு ஆட்டுக்கால் வாங்க ஓடினார்கள். விடைகொடுக்கச் சமைத்ததை வரவேற்கச் சமைப்பதில் சுவை ஒன்றும் குறையவில்லை என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். சின்னத்தை மட்டும் கோபத்தில் அக்காவைப் பார்க்க வரவில்லை. தூக்குச்சட்டியைக் கேட்டு ஆளும் அனுப்பவில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம், சின்னத்தைக்கு மார்பில் கட்டி என்று செய்தி வந்தது. சொல்ல வந்த உறவுக்காரர் கண்கள் பளபளக்கச் சொன்னார்: டாக்டர் ஆபரேஷன் பண்ணலாமா என்று கேட்டாராம், சின்னத்தை, எனக்கு இன்னாத்துக்கு, புள்ளைங்க நல்லா இருந்தா போதும் என்று கைகூப்பிவிட்டாராம். என்ன பெரிய மனசு! மாங்காடே மெச்சுகிறதாம். நானும் தலையை ஆட்டினேன். தலை அதுவாக ஆடிவிட்டது என்பதுதான் சரி. நாலு பேர் மெச்சுகிற இடத்தில் என் தலைக்கு என்னைக் கேட்கும் பழக்கம் இல்லை.

அத்தை மட்டும் கேட்டார்: "எத்தினி தபா கேட்டாங்க?"

"டாக்டரா? ஒரு தபா கேட்டாரு. அதான் வேணாம்னுடிச்சே."

"மாப்ளே, சட்டை போட்டுகினு வாங்க" என்றார் அத்தை என் பக்கம் திரும்பி.

மாங்காட்டில் சின்னத்தை வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. சுவரோரமாக வரிசையாகத் தூக்குச்சட்டிகள். அவருடைய மகன்கள் ஒரு மூலையில், கையெழுத்துக் கேட்கப்படாத நிம்மதியும் அம்மா போகப்போகிற துக்கமும் கலந்த முகத்தோடு நின்றார்கள். சின்னத்தை பாயில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஆசி கொடுத்துக்கொண்டிருந்தார். மெச்சப்படும் ஒருவருக்கு உரிய அமைதி முகத்தில் இருந்தது. அத்தையைப் பார்த்ததும் அது லேசாக ஆடியது.

"எய்ந்திரு. ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

"போதும்க்கா. நான் வாழ்ந்தாச்சு."

அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இங்க கீறவங்க எல்லாம் பந்தில சோறு போட்டவங்கதானே? இலைமேல கைய வெச்சி போதும் போதும்னா இன்னா பண்ணுவீங்க? கைய நவுத்திட்டு இன்னொரு கரண்டி போடுவீங்களா, இல்ல, போதும்னுட்டான்னு குண்டானத் தூக்கினு போயிடுவீங்களா? சோத்துக்கு மூணு தபா கேக்குறீங்க. உசுருக்கு ஒரு தபா கேட்டுட்டு உட்டுட்டீங்களே! அவ போதும்னா, நீங்க இன்னும் கொஞ்சம்னு சொல்ல வாணாமா?"

மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் இத்தனை வருஷம் எத்தனையோ பந்திகளில் இலைமேல் கைவைத்தவன். ஒரு தடவைகூட நிஜமாக வைத்ததில்லை. விரல்களுக்கிடையே போதிய இடம் விட்டுத்தான் வைப்பேன். அதே ஜாக்கிரதையோடு சின்னத்தை வைத்த கையை நாங்கள் எல்லோரும் அப்படியே நம்பிவிட்டோம்.

அத்தை பாயில் உட்கார்ந்தார். சின்னத்தை அவர் காதோரம் சாய்ந்து, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "ரொம்ப வலிக்குமாக்கா?" என்றார்.

"வலிக்கும். அப்றம் போயிடும்" என்றார் அத்தை அதே குரலில். பிறகு ஊருக்குக் கேட்கிற மாதிரி, "நீ வாணாம்னு சொன்னா நான் உடுவேன்னு பாத்தியா? தரதரன்னு இய்த்துகினு போவேன். உன் தூக்கு என் மாப்ள ஊட்டுல கீது. நான் கொண்டாந்து தர மாட்டேன். நீதான் வந்து வாங்கினு போவணும்" என்றார்.

"இன்னா இப்டி கட்டாயப்படுத்தறியே! நான் வாணாம்னுதானே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க" என்று சின்னத்தை ஆட்சேபித்தார். ஆட்சேபணை தெருமுனைவரை கேட்டது. அவருடைய கால் மட்டும் பாய்க்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. பெரிய மகன் ஓடிப்போய் டாக்ஸி பிடித்துவந்தான்.

சின்னத்தை பிழைத்தார். நூறு வருஷம் ஒன்றும் இருக்கவில்லை. சில ஆடித் திருவிழாக்கள்தான். அதற்காகவா இத்தனை பாடு என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அந்தச் சில வருஷங்களில் சின்னத்தை மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். தூக்கை வாங்கிப்போக வந்திருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து கருவாடு ஆய்வார்கள். என் கட்டுரைகளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, சிரிக்கக் கூடாத இடங்களில் சிரிப்பார்கள். கிளம்பும்போது என் மனைவி தூக்கை எடுத்துவந்து நீட்டினால், "இங்கியே இருக்கட்டும். வாங்கினு பூட்டா, அப்றம் இன்னா சாக்கு சொல்லிகினு வர்றது?" என்பார். கடைசிவரை வாங்கிக்கொள்ளவே இல்லை. அத்தை அவருக்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. அன்றைக்கு மீன்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்பதை எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னோம்.

போன மாதம் என் நெஞ்சு வலித்தது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என் பிள்ளை வயதுக்காரர். நெஞ்சைத் திறந்து அடைப்பைச் சரிசெய்யலாம், இல்லையென்றால் மாத்திரையில் கொஞ்ச காலம் ஓட்டலாம், என்ன செய்யலாம் என்றார். மனைவி, மகன், மருமகள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கோ உள்ளே ஒரு வாக்கியம் மிக அழகாகத் தயாராகிக்கொண்டிருந்தது. வாழ்க்கையைப் பற்றி ஓரளவு படித்தவன், பற்றறுத்த புன்னகை, "இந்த வயசுல எனக்கு எதுக்கு டாக்டர்..." என்று ஒரு மெல்லிய இழுப்பு. எழுதினால் எந்தப் பத்திரிகையும் திருப்பி அனுப்பாது. அதைச் சொல்வதற்காகக் கையைக்கூட லேசாகத் தூக்கிவிட்டேன். இலைமேல் வைக்கிற மாதிரி, விரல்களுக்கிடையே இடம் விட்டு. என் மனைவி முந்தானை நுனியை எடுக்காமல், அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் பார்வை.

கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். "பண்ணுங்க டாக்டர். எப்ப வரணும்?" என்றேன்.

போன வாரம் மச்சான் கொரட்டூரிலிருந்து வந்தான்; நாங்கள் வீடு மாறிவிட்டாலும் அவன் அங்கேதான். இப்போது அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. கையில் அடுக்குப் பாத்திரம், அதில் ஆட்டுக்கறி. "உனக்குப் புடிக்குமேன்னு எம்பொண்டாட்டி வெச்சிக் குடுத்தா மாமா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவன் அம்மாவின் மகன்தான். இருந்தாலும் கை பழகின வழியில் போய்விடுகிறது. "அப்டியே எடுத்துட்டுப் போ. ஆடி மாசம் கொண்டா" என்றேன். ஒரு நிமிஷம் முழித்தான். பிறகு, அத்தனை வருஷத்துக்கு முன்னால் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்து அழுதவன், இந்தத் தடவை சிரித்தான்.

அவன் கிளம்பும்போது என் மனைவி, பொங்கல் இல்லாத நாளில், ஏணி போட்டுப் பரணிலிருந்து தூக்குச்சட்டியை இறக்கினாள். துலக்கித் துடைத்து, உள்ளே ஒரு பிடி சர்க்கரை போட்டு மூடி, தம்பி கையில் கொடுத்தாள்.

"உங்க ஊட்டுலயே வெச்சிக்கோ. யாராண்டயும் குடுத்தனுப்பாதே. மாமா வந்து வாங்கிக்குவாரு."

பரண் இப்போது காலியாக இருக்கிறது. வரும் புதன்கிழமை நான் ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். தூக்கு கொரட்டூரில் மச்சான் வீட்டில் இருக்கிறது. போய் வாங்கிவர வேண்டும்.